கப்பல் பக்கத்து முனை

கடிதம் ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம்.
பக்கத்துக்கு எழுநூறு; அரைப் பக்கமும் ஒரு பக்கம்தான்.
உட்துறைமுக வீதியில் என் மேசை,
மேசையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனின் வட்ட முத்திரை.
யன்னலுக்கு வெளியே ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த லன்ச் சீற்றை
மெதுவாக மென்றுகொண்டிருந்தது.

சித்தி முனவ்வறா. கிண்ணியா.
புள்ளட வாப்பா ஏறிப் போன கப்பல்
ஏடனுக்கு இந்தப் பக்கம் எங்கோ
பதினாலு மாதமாய்ப் பதில் சொல்லவில்லை.
கம்பனிதான் இப்போது பேசுகிறது.

நான் தமிழில் வாசித்துக் காட்டினேன்:
"இந்த விசாரணையைக்
கசப்பான முடிவு வரை கொண்டு செல்வோம்."

அவள் அழவில்லை. கேட்டாள்:
"முடிவு கசப்பெண்டு
அவங்களுக்கு இப்பயே தெரியுமா?"

அகராதி 'இறுதிவரை' என்றது. சரிதான்.
ஆனால் கசப்பு எங்கிருந்து வந்தது?
உள்ளே நஞ்சு இருக்கிறதா என்று பாராமல்
ஒரு சொல்லை எப்படி ஒருத்தியின் கையில் கொடுப்பது?
நாளைக்கு வாங்கோ என்றேன்.

பின்னேரம் எமிலியானுஸைப் பிடித்தேன்.
பாலையூற்றுக்காரன். இழுவைப் படகில் கயிறு அவன் பொறுப்பு.
அவனுக்கு ஆங்கிலம் ஏறியது
உள்ளங்கைக் காய்ப்பு வழியாக.
தளத்தில் நின்ற குட்டை இரும்புத் தூணைக் காலால் தட்டினான்.

"இதுதான் பிட். இதில சுத்தின கயிறு பிட்டர்.
நங்கூரம் கடலுக்க இறங்கும், கயிறு பின்னால ஓடும்,
ஓடி ஓடி, கடைசியா இதில கட்டின முனை வரும்.
பிட்டர் என்ட்.
அதுக்குப் பிறகு குடுக்கக் கயிறு இல்லை.
இதில கைப்பு எங்க இருக்கு, சேர்?"

கேட்காமலே இன்னும் சொன்னான்.
மூன்று சீற்றும் காற்றில் என்றால் வெறிகாரன்.
சீற் என்பது பாய் அல்ல, பாயை அடக்கும் கயிறு;
மூன்றும் அவிழ்ந்தால் கப்பல் தள்ளாடும்,
சம்பள நாளில் அவன் மச்சான் மாதிரி.
பை அன்ட் லார்ஜ் என்றால்
எதிர்க்காற்றிலும் ஓடும், பின்காற்றிலும் ஓடும்.
'பொதுவாக', 'பொதுவாக' என்று எழுதி
இருபத்திரண்டு வருடத்தில்
எத்தனை காற்றைக் கொன்றிருக்கிறேன்.

பிறகு அவன் என்னைக் கேட்டான்:
"மானம் கப்பலேறிப் போச்சு எண்டு சொல்லுறமே,
எந்தக் கப்பல், சேர்? எந்தத் துறையில ஏறினது?"

சீனன்குடாப் பக்கம் பார்த்தேன்.
மா ஆலைக்கு வந்த கோதுமைக் கப்பல்
அசையாமல் நின்றது.
கன்னத்தில் இருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள்
'கசப்பான முடிவு' என்பதை ஒரு கோட்டால் வெட்டி
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன், விதிப்படி.
மேலே எழுதினேன்: கயிறு தீரும் வரை.
கம்பனி அதை நினைத்து எழுதியிருக்காது.
அது விரல் தானாக அடிக்கும் வாக்கியம்,
கொழும்பில் ஒரு குளிர் அறையில்,
சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு.

முனவ்வறா இரண்டு தரம் வாசித்தாள்.
நான் தூணைப் பற்றிச் சொன்னேன்.
கோப்பு கட்டும் நாடாவை
மேசைக் காலில் சுற்றியும் காட்டினேன்.

"அப்ப, ஒரு முனை கடலுக்குள்ள."
"ஓம்."
"மத்த முனை இவங்கட கப்பல்ல கட்டிக் கிடக்கு."
"ஓம்."
"அவுத்தா அவங்கதான் அவுக்கணும்."

பதில் கடிதத்துக்கு
அதையே முதல் வரியாகப் போடச் சொன்னாள்.
ஆங்கிலத்தில்.
எழுநூறு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
கிண்ணியா பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மான் போய்விட்டது. வெளிச்சமும் போகிறது.
நான் இன்னும்
அந்த முதல் வரியில்தான் நிற்கிறேன்.